தறியும் கோட்பாடும்: எதெல் மெய்ரேயின் நெசவுக்கலை பற்றிய ஒரு நோக்கு

ஆனந்த குமாரசுவாமியைப் பற்றித் தமிழில் எழுதப்படும் கட்டுரைகளில் ஒரு பெண்ணின் பெயர் ஓரிரு வரிகளில் வந்து மறைவது வழக்கம். அவர் 1902ஆம் ஆண்டு எதெல் பாட்றிட்ஜ் என்னும் ஆங்கிலப் பெண்மணியை மணந்தார் என்றும், அப்பெண்மணி இலங்கையில் அவருடன் சில ஆண்டுகள் வாழ்ந்து, 1908இல் வெளிவந்த 'மத்தியகாலச் சிங்களக் கலை' என்னும் பெருநூலுக்கு நிழற்படங்கள் எடுத்து உதவினார் என்றும், பின்னர் அம்மணவாழ்வு முறிந்தது என்றும் கூறப்படும். அத்துடன் அவர் கதை நிறுத்தப்பட்டுவிடும். அதன் பின்னர் அவர் எதெல் மெய்ரே என்னும் பெயருடன் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் நூற்றும், சாயமிட்டும், நெய்தும், பிறருக்குக் கற்பித்தும் வாழ்ந்தார் என்பதும், இருபதாம் நூற்றாண்டுப் பிரித்தானியக் கைநெசவின் மறுமலர்ச்சி அவர் பட்டறையிலிருந்தே பெரிதும் பரவியது என்பதும் பெரும்பாலும் பேசப்படுவதில்லை.

இப்புறக்கணிப்பு ஒரு பெண்ணுக்கு இழைக்கப்பட்ட அநீதி என்ற அளவில் மட்டும் நின்றுவிடுவதன்று. கைவினை பற்றிக் குமாரசுவாமி வகுத்த கோட்பாடு எத்துணை வலிமையுடையது, எவ்விடத்தில் அது நடைமுறைக்குப் பொருந்தாது போகின்றது என்பவற்றை அறிவதற்கான சிறந்த சான்றும் இதனாற் கைவிடப்படுகின்றது. குமாரசுவாமி கைவினைஞனைப் பற்றி எழுதினார். எதெல் கைவினைஞராகவே வாழத் துணிந்தார். இருவரும் ஒரே நிலத்தில், ஒரே காட்சிகளைக் கண்டு, ஒரே அக்கறையுடன் புறப்பட்டவர்கள். எனினும் 1939ஆம் ஆண்டளவில் எதெல் வந்தடைந்த முடிவு, குமாரசுவாமியின் நூல்களிற் காணப்படும் முடிவிலிருந்து பெரிதும் வேறுபட்டது. அவ்வேறுபாட்டை உண்டாக்கியது தறியே என்பதை அவரது கலைவாழ்வை உற்று நோக்குவோர் உணரலாம்.

1

எதெல் 1872ஆம் ஆண்டு இங்கிலாந்தின் டெவன் மாகாணத்திலுள்ள பார்ன்ஸ்டபிள் என்னும் ஊரிற் பிறந்தவர். இளமையில் அவர் கற்றது நெசவன்று, இசையே. இலண்டனில் உள்ள றோயல் இசை அக்கடமியிற் பியானோ பயின்று, பின்னர் வீட்டாசிரியையாகத் தொழில் புரிந்தார். கொழும்பிற் பிறந்து இங்கிலாந்தில் வளர்ந்த இளம் புவிச்சரிதவியலாளரான குமாரசுவாமியை மணந்து, 1903இல் இலங்கை வந்தபோது அவருக்கு முப்பது வயது கடந்திருந்தது.

கணிப்பொருள் ஆய்வின் பொருட்டுக் குமாரசுவாமி நாடெங்கும் மேற்கொண்ட பயணங்களே அவரைக் கலை ஆய்வுக்கு இட்டுச் சென்றன என்பது பலரும் அறிந்த செய்தி. பாறைகளைத் தேடிச் சென்றவர் பாறைகளிடையே வாழ்ந்த கைவினைஞரைக் கண்டார். அப்பயணங்களில் எதெலும் உடன் சென்றார். கண்டிப் பிரதேசத்துக் கொல்லர், தச்சர், குயவர், பாய் இழைப்போர், நெசவாளர் ஆகியோரின் வேலையை நிழற்படக் கருவியின் வாயிலாகப் பதிவு செய்தார். சிங்களப் பெண்களின் பழைய தையற் பூவேலைகளில் அவர் சிறப்பான ஈடுபாடு கொண்டிருந்தார். பிற்காலத்தில் அவர் கலையில் வெளிப்பட்ட பொறுமையான பார்வைக்கு இந்த ஆண்டுகளே பயிற்சிக் களமாயின எனலாம்.

அவர்கள் கண்ட நெசவு எத்தகையது? உடதும்பறையிலுள்ள தலகுனை என்னும் கிராமத்தில் அக்காலத்திலும் பழைய முறையிலான பருத்தி நெசவு நிலைத்திருந்தது. கண்டி இராச்சியத்தில் வீட்டுப் பெண்கள் பருத்தி நூற்றமையை 1681இல் வெளிவந்த தம் நூலில் றொபேட் நொக்ஸ் குறித்துள்ளார். நெய்தவர்களோ தனியொரு சாதியினர். பறையறைதலும், ஆலயங்களில் ஆடுதலும், நல்ல நாள் குறித்தலும் அவர்களுடைய தொழில்களாகவே இருந்தன. தறி, பறை, சோதிடம் ஆகிய மூன்றும் ஒரே குடியினரிடம் இருந்தமை அச்சமுதாயத்திற் கைவினையும் சடங்கும் எவ்வளவு நெருங்கியிருந்தன என்பதை உணர்த்துகின்றது. அதே வேளையில், நெய்தவன் நெய்யாது விடும் உரிமையை அச்சமுதாயம் அவனுக்கு எளிதில் அளிக்கவில்லை என்பதையும் அது உணர்த்துகின்றது.

குமாரசுவாமி இவ்விரண்டில் முதலாவதையே அழுத்தினார். நிலமானியத்தாற் காக்கப்பட்டு, சந்தையின் ஏற்ற இறக்கங்களுக்கு ஆட்படாது, தந்தையிடம் கற்றதை மகனுக்கு அளித்து, தன் பெயரை நிலைநாட்டும் வேட்கையின்றி வேலை செய்த கைவினைஞனே அவர் காட்டிய இலட்சிய மாந்தன். அந்த அமைப்பைக் குலைத்தவை குடியேற்ற ஆட்சியும், இயந்திர உற்பத்தியும், வணிக நோக்குமாகும் என்றார். 1905ஆம் ஆண்டு கண்டித் தலைவர்களுக்கு எழுதிய பகிரங்கக் கடிதத்திலும், 1909ஆம் ஆண்டின் 'இந்தியக் கைவினைஞன்' என்னும் நூலிலும் இக்கருத்து உறுதியாக ஒலிக்கின்றது. ஆங்கில ஆட்சியின் கீழ்த் தம் பண்பாட்டை இழிவாக எண்ணிய ஒரு தலைமுறைக்கு அது தன்மான உணர்வை ஊட்டியது என்பதில் ஐயமில்லை. ஆயின், அக்கோட்பாட்டில் தறியின் முன் அமர்ந்தவனின் குரல் எங்கும் கேட்பதில்லை.

2

1907இல் இருவரும் இங்கிலாந்து திரும்பி, புறோட் கம்ப்டன் என்னும் சிற்றூரில், ஆஷ்பீ என்னும் கட்டடக் கலைஞர் புதுப்பித்துக் கொடுத்த பழைய நோர்மன் தேவாலயத்தை இல்லமாகக் கொண்டனர். வில்லியம் மொறிஸ் பயன்படுத்திய கெல்ம்ஸ்கொற் அச்சு இயந்திரத்திலேயே, அவ்வில்லத்தில், 'மத்தியகாலச் சிங்களக் கலை' 425 பிரதிகள் அச்சாயிற்று. கிழக்கிலண்டனிலிருந்து தொழிலாளரையும் அவர்தம் குடும்பத்தினரையும் 1902இல் அயலூரான சிப்பிங் கம்ப்டனுக்கு அழைத்து வந்து ஆஷ்பீ நடத்திய கைவினைச் சங்கம் அதே காலப்பகுதியிற் பொருளாதார நெருக்கடியாற் கலைக்கப்பட்டது. கைவினையின் பெருமையை அச்சிட்டுக்கொண்டிருந்த வீட்டின் வாயிலிலேயே கைவினையாளர் வேலையிழந்து நின்றனர். அக்காட்சி எதெலின் உள்ளத்தில் என்ன விளைவை ஏற்படுத்தியது என்பதை அவருடைய பிற்கால நடைமுறையிலிருந்தே ஊகிக்கலாம். தம் பட்டறையை விற்பனையின்றி நிலைக்கக்கூடிய புனித நிலையமாக அவர் ஒருபோதும் கருதவில்லை.

குமாரசுவாமி மீண்டும் கீழைத்தேயம் நோக்கிச் செல்ல, எதெல் நூற்கவும் நெய்யவும் கற்கத் தொடங்கினார். மணவாழ்வு முறிந்த பின்னர் டெவனில் ஒரு சிறிய வீட்டையும் சாயச் சாலையையும் அமைத்துக்கொண்டார். 1913இல் பிலிப் மெய்ரே என்பவரை மணந்தார். முதலாம் உலகப் போர்க் காலத்தில் சசெக்ஸ் மாகாணத்திலுள்ள டிச்சிலிங் என்னும் கிராமத்துக்குக் குடிபெயர்ந்து, அங்கு 'கொஸ்பல்ஸ்' எனப் பெயரிய இல்லத்தையும் பட்டறையையும் கட்டுவித்தார். 1952இல் இறக்கும்வரை அதுவே அவர் உலகமாயிற்று.

நெசவு கற்க முற்பட்ட எதெலுக்கு முன்னாலிருந்த தடை பெரியது. தலகுனை நெசவாளிக்குத் தந்தை இருந்தார், அயலவர் இருந்தனர், எந்த நூலை எப்போது எப்படி முறுக்குவது என்பதைக் கேளாமலே கற்பிக்கும் சூழல் இருந்தது. இங்கிலாந்திலோ கைநெசவு ஒரு நூற்றாண்டுக்கு முன்பிருந்தே சிதையத் தொடங்கிவிட்டது. மரபைப் பின்பற்றுக என்னும் அறிவுரை, பின்பற்றுதற்கு மரபு எஞ்சாத இடத்தில் என்ன பொருள் தரும்? இவ்வினாவுக்குக் குமாரசுவாமியின் நூல்களில் விடை இல்லை. எதெல் அதனை ஏடுகளிலும், முதிய கிராமத்தவரின் நினைவிலும், எல்லாவற்றுக்கும் மேலாகத் தம் கையின் தவறுகளிலும் தேடினார்.

3

அத்தேடலின் முதற் பயன் 1916இல் டக்ளஸ் பெப்ளர் வெளியிட்ட 'தாவரச் சாயங்கள் பற்றிய ஒரு நூல்' ஆகும். அது வெளிவந்த காலம் கவனிக்கத்தக்கது. 1856இல் பேர்க்கின் செயற்கைச் சாயத்தைக் கண்டுபிடித்தார். 1897இல் செயற்கை அவுரி ஜேர்மனியிலிருந்து சந்தைக்கு வந்தது. இதன் பின்னர் இயற்கைச் சாயத் தொழில் உலகெங்கும் வீழ்ச்சியுற்றது. யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் ஒல்லாந்தர் காலத்தில் அரசிறைக்குரிய பொருளாக விளங்கிய சாயவேர் மறக்கப்பட்டமையும் இம்மாற்றத்தோடு தொடர்புடையது. 1914இல் போர் மூண்டபோது ஜேர்மன் சாயங்கள் பிரித்தானியாவுக்குக் கிடைக்காது போயின. அத்தருணத்தில் வெளிவந்த எதெலின் நூல், பழமைப் பற்றினால் மட்டும் எழுதப்பட்டதாகத் தோன்றவில்லை. கையிலுள்ள பொருளைக் கொண்டு செய்யக்கூடியது யாது என்னும் நடைமுறை அக்கறை அதில் மேலோங்கி நிற்கின்றது.

நூலின் அமைப்பும் அதற்கேற்பவே உள்ளது. கம்பளி, பட்டு, பருத்தி, சணல்நார் என நார்களின் இயல்பு கூறப்படுகின்றது. பின்னர் படிகாரம், இரும்பு, வெள்ளீயம், குரோமியம், செம்பு ஆகியவற்றின் உப்புக்கள் சாயத்தை நாரிற் பற்றவைக்கும் முறை விளக்கப்படுகின்றது. அதன் பின்னரே நிறங்கள் ஒவ்வொன்றாக வருகின்றன: அவுரியின் நீலம், மஞ்சிட்டி இனத்து வேரின் சிவப்பு, வெல்ட் என்னும் செடியின் மஞ்சள், வால்நட் காயின் பச்சைத் தோல் தரும் கபிலம், பாறைகளிற் படரும் லைக்கன்களின் செம்பழுப்பு. கலையைப் பற்றிய சொற்பெருக்கு அதில் மிகக் குறைவு. நிறை, அளவு, வெப்பம், நேரம் என்பனவே மிகுதி.

இச்செய்முறைகளில் ஓர் அழகியலும் அடங்கியுள்ளது. மஞ்சிட்டி வேரின் நீரைக் கொதிக்கவிட்டால் சிவப்பு மங்கிக் கபிலமாகும். ஆகவே பொறுமையுடன் இளஞ்சூட்டில் வைத்திருத்தல் வேண்டும். அவுரி நீரிற் கரையாதது. காரத் தொட்டியில் அதன் இயல்பை மாற்றிக் கரைத்து நூலைத் தோய்த்தெடுக்கும்போது அது மஞ்சள் கலந்த பச்சையாகத் தோன்றும். காற்றுப்பட்ட பின்னரே நீலமாகும். ஒரே செடியை வெவ்வேறு உப்புக்களுடன் சேர்த்தால் வெவ்வேறு நிறங்கள் பிறக்கும். சாயமிடுபவர் நிறத்தைக் கட்டளையிட்டுப் பெறுவதில்லை. பொருளோடு ஒத்துப்போய்ப் பெறுகின்றார். பருவம், மண், நீர் ஆகியவற்றின் வேறுபாட்டால் ஒரு முறை கிடைத்த நிறம் மறுமுறை அப்படியே கிடைப்பது அரிது. தொழிற்சாலைக்கு இது பெருங்குறை. எதெல் அதனையே தம் கலையின் அடிப்படையாக்கினார்.

4

எதெலின் நெசவுக்கலையை மதிப்பிடுவதற்குரிய சான்றுகள் இன்று ஃபார்ணம் நகரிலுள்ள கைவினை ஆய்வு நிலையத்திலும், டிச்சிலிங் கலை, கைவினை அரும்பொருளகத்திலும் பேணப்படுகின்றன. கழுத்துத் துண்டுகள், ஆடைத் துணிகள், திரைச்சீலைகள், துணி மாதிரிகள் என அவை அமைந்துள்ளன. தொங்கவிட்டுப் பார்ப்பதற்கான சித்திரத் திரைகளை அவற்றிடையே தேடுவோர் ஏமாற்றமடைவர். உருவங்களோ கதைகளோ குறியீடுகளோ அவற்றில் இல்லை. கோடு, கட்டம், சமநிலம் ஆகியனவே பெரும்பாலும் காணப்படுகின்றன. நெசவின் கட்டமைப்பும் பெரும்பாலும் மிக எளிது. ஊடை ஒரு பாவிழையின் மேலும் அடுத்ததன் கீழுமாகச் செல்லும் வெற்று நெசவே அது. எந்தப் புதிய மாணவரும் முதல் நாளிற் கற்கும் நெசவு அது.

எனின், அத்துணிகளின் தனிச்சிறப்பு எங்குள்ளது? விடை நூலில் உள்ளது. விசைத்தறியிற் பாவு இடைவிடாத அதிர்ச்சிக்கு உட்படுகின்றது. அதனைத் தாங்குதற்கு நூல் வலிமையும் சீர்மையும் உடையதாதல் வேண்டும். ஆகவே நூலாலைகள் நூலின் ஏற்றத்தாழ்வுகள் அனைத்தையும் நீக்கி, ஒரே பருமனான இழையை உற்பத்தி செய்யப் பழகின. துணி தட்டையாயிற்று; தட்டையான துணிக்கு அழகூட்டுதற்பொருட்டு மேலே கோலங்கள் ஏற்றப்பட்டன. கைத்தறியிலோ இழுவிசையை நெசவாளியின் கையும் காலும் ஒவ்வொரு கணமும் உணர்ந்து திருத்துகின்றன. அதனால் மெலிந்த நூல், முடிச்சுள்ள நூல், தளர முறுக்கிய நூல் ஆகியனவும் அங்கு இடம்பெற முடியும். எதெல் இவ்வேறுபாட்டை நுட்பமாகப் புரிந்துகொண்டார். விசைத்தறியால் ஏற்கவியலாத நூலே கைத்தறியின் செல்வம் என்பது அவர் துணிகளில் வெளிப்படும் அடிப்படைக் கண்டுபிடிப்பாகும்.

நார்களை ஒரே திசையிற் சீவி இறுக முறுக்கிய கம்பளி நூல் வழவழப்பும் ஒளியும் உடையது. எத்திசையிலும் கலந்து நிற்கும் நார்களைத் தளர முறுக்கிய நூல் காற்றைத் தன்னுள் அடக்கி, ஒளியை உறிஞ்சி நிற்கும். இவ்விரு வகையையும் ஒரே வெற்று நெசவில் அடுத்தடுத்து அமைத்தால் நிறம் ஒன்றாயினும் துணி இரு குரல்களிற் பேசும். நூற்பதற்கு முன்னரே கம்பளியைச் சாயமிட்டு, வெவ்வேறு நிறக் கம்பளிகளைக் கலந்து சீவி நூற்றால், தொலைவிலிருந்து நோக்குவோருக்கு ஒரே நிறமாகத் தோன்றும் துணி, அண்மையில் நோக்குவோருக்குப் பல நிறங்களின் கூட்டமாகப் புலப்படும். கபிலம் என எண்ணியது செம்மை, பசுமை, மஞ்சள் ஆகியவற்றின் கலவையாக விரியும். பாவிழைகளைச் சற்று விலக்கிக் கோத்தால் ஊடை மேலெழும். நெருக்கிக் கோத்தால் அமிழும். இத்தகைய சிறு தீர்மானங்களின் தொகுதியே அவருடைய வடிவமைப்பு.

துணி தறியிலிருந்து இறக்கப்பட்டதும் வேலை முடிந்துவிடுவதில்லை. கம்பளித் துணி வெந்நீரில் அலசப்படும்போது இழைகள் பருத்து, ஒன்றோடொன்று பிணைந்து, துணி சுருங்கி மென்மையுறுகின்றது. தறியில் தளர்வாகவும் முரடாகவும் தோன்றும் துணியே அலசிய பின்னர் உயிர் பெறும். ஆகவே நெசவாளி தறியில் காண்பதை நெய்வதில்லை; இன்னும் தோன்றாத ஒரு துணியை மனதிற்கொண்டு நெய்கின்றார். கையுழைப்பைச் சிந்தனைக்குத் தாழ்ந்த செயலாகக் கருதும் கல்வி மரபினர் இவ்விடத்திற் சற்று நின்று எண்ணிப் பார்த்தல் தகும். இசை பயின்ற எதெல், ஏட்டிலுள்ள குறிகளைப் பார்த்து இன்னும் ஒலிக்காத ஒலியை எண்ணும் பழக்கத்தை இங்கு வேறொரு பொருளிற் பயன்படுத்தினார் எனக் கொள்வது தவறாகாது.

யூகோசிலாவியாவிலும் வட ஐரோப்பிய நாடுகளிலும் அவர் மேற்கொண்ட பயணங்கள் இக்கலையை மேலும் விரிவுபடுத்தின. பால்கன் கிராமியத் துணிகளின் கோலங்களை அவர் எடுத்து ஒட்டவில்லை. நூலின் தடிப்பும் நிறத்தின் துணிவும் அவற்றில் எவ்வாறு ஒன்றையொன்று தாங்குகின்றன என்பதையே கற்றார். இலங்கையில் வாழ்ந்த ஒருவர் கண்டிக் கோலங்களைத் தம் துணிகளிற் பதித்து எளிதில் விற்றிருக்கலாம். அவர் அவ்வாறு செய்யாமை கலை நேர்மையின் பாற்பட்டது.

5

எதெலின் கலையைப் போற்றுவோர் எளிதிற் கடந்து செல்லும் வினா ஒன்று உண்டு. 'கொஸ்பல்ஸ்' பட்டறையின் துணிகள் யாருடைய துணிகள்? அங்கு நூற்றவர்களிலும் நெய்தவர்களிலும் கிராமத்துப் பெண்களும், பயிலுநரும், உதவியாளரும் பலர் இருந்தனர். நூலைத் தெரிவு செய்து, நிறத்தைத் தீர்மானித்து, இழைகளின் ஒழுங்கை வகுத்தவர் எதெல். நாடா எறிந்த கை பல வேளைகளில் வேறொருவருடையது. துணி விற்பனைக்குச் சென்றபோது அது எதெல் மெய்ரேயின் துணியாகவே அறியப்பட்டது. இலண்டனில் மியூரியல் றோஸ் நடத்திய 'லிற்றில் கலரி' போன்ற விற்பனை நிலையங்களில் அதனை வாங்கியோர் வசதியும் இரசனையும் உடைய நடுத்தர, உயர் வகுப்பினர். நூற்ற பெண் தன் ஆடைக்கு ஆலைத் துணியையே வாங்கியிருப்பாள். மொறிஸின் காலம்தொட்டு ஆங்கிலக் கைவினை இயக்கத்தைத் தொடர்ந்து வந்த முரண்பாடு இது. எதெலும் அதனைத் தீர்க்கவில்லை.

ஆயினும் அவருக்குச் சார்பாகக் கூறத்தக்கன சில உண்டு. முதலாவதாக, அவர் தம் அறிவை மறைத்து வைக்கவில்லை. எலிசபெத் பீக்கொக், ஹிலரி பூர்ண், மரியான் ஸ்ட்றௌப், பீற்றர் கொலிங்வுட் எனப் பிற்காலப் பிரித்தானிய நெசவின் முன்னோடிகள் பலர் அப்பட்டறையிற் பயின்றவர்கள். சாய நூலும், 1949இல் ஆசிரியர்களுக்கென எழுதிய நெசவுக் குறிப்புக்களும் அவ்வறிவைப் பொதுவாக்கின. 1921இல் பேர்ணாட் லீச்சுடன் டிச்சிலிங் வந்த ஜப்பானியக் குயவர் ஹமாடா, கிராமத்தில் இருந்தபடியே தரமான வேலையாலும் எளிய வாழ்வாலும் கைவினைஞர் நிலைபெற முடியும் என்பதை அங்குக் கண்டார். பின்னர் அவர் மாஷிக்கோ கிராமத்திற் குடியேறியமைக்கு அக்காட்சியும் ஒரு தூண்டுதலாயிற்று.

இரண்டாவதாக, அவர் பெண் என்ற காரணத்தால் எதிர்நோக்கிய வரம்புகள் கருதத்தக்கவை. அதே டிச்சிலிங்கில் எரிக் கில்லும் அவர் நண்பர்களும் அமைத்த கத்தோலிக்கக் கைவினைச் சங்கத்தில் 1970கள் வரை பெண்கள் அங்கத்தவராக இயலவில்லை. குமாரசுவாமியும் கில்லும் கருத்தொற்றுமை உடையவர்கள். கைவினையின் ஆன்மிகப் பெறுமதியை இருவரும் உரத்துப் பேசினர். அப்பேச்சின் அருகிலேயே, எந்தச் சங்கத்தின் ஆதரவுமின்றி, ஒரு பெண் பட்டறை நடத்திக் கூலி கொடுத்துக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். 1937இல் பிரித்தானிய றோயல் கலைக் கழகம் கைத்தொழிலுக்கான றோயல் வடிவமைப்பாளர் என்னும் தகுதியை அவருக்கு வழங்கியது. அதனைப் பெற்ற முதற் பெண் அவரே.

கைநெசவாளி ஒருவர் 'கைத்தொழில் வடிவமைப்பாளர்' எனப் பாராட்டப்பட்டமை மேலோட்டமாக நோக்குவோருக்கு முரணாகத் தோன்றலாம். இரண்டாண்டுகளின் பின் வெளிவந்த 'இன்றைய கைநெசவு: மரபுகளும் மாற்றங்களும்' என்னும் அவர் நூல் அதன் பொருத்தத்தை விளக்குகின்றது. ஆலையை அழித்துவிட்டுப் பழைய காலத்துக்குத் திரும்புதல் இயலாது என்பதை அந்நூல் ஏற்றுக்கொள்கின்றது. கைத்தறி, விசைத்தறியோடு விலையிற் போட்டியிடுமாயின் தோல்வி உறுதி. மாறாக, புதிய நூலையும் புதிய சேர்க்கையையும் சிறிய அளவிற் சோதித்துப் பார்க்கும் ஆய்வுக்களமாகக் கைத்தறி இயங்குமாயின், ஆலைக்கும் அது வழிகாட்டும். தன் இருப்புக்கும் நியாயம் தேடிக்கொள்ளும். இக்கருத்து வெறுங் கனவாக நின்றுவிடவில்லை. பிராட்ஃபோட் தொழினுட்பக் கல்லூரியில் ஆலை நெசவைக் கற்றுவந்த ஸ்ட்றௌப், 'கொஸ்பல்ஸ்' பட்டறையிற் கைநூற்பையும் சாயமிடலையும் பயின்று, பின்னர் வேல்ஸ் நாட்டின் நலிந்த கம்பளி ஆலைகளுக்கு வடிவங்கள் அமைத்துக் கொடுத்தார். இலண்டன் போக்குவரத்து வண்டிகளின் இருக்கைத் துணிகளையும் வடிவமைத்தார். பட்டறையின் அறிவு இவ்வாறு நாள்தோறும் பயணம் செய்யும் பொதுமக்களைச் சென்றடைந்தது.

இங்கேதான் எதெல் குமாரசுவாமியைப் பிரிகின்றார். குமாரசுவாமிக்கு இயந்திரம் கைவினையின் பகைவன். எதெலுக்கு அது கைவினை உரையாட வேண்டிய மற்றொரு கருவி. குமாரசுவாமியின் கைவினைஞன் கடந்த காலத்தில் நிறைவுற்று நிற்பவன். எதெலின் கைவினைஞர் இன்னும் தவறு செய்து கற்றுக்கொண்டிருப்பவர். காந்தியடிகளின் இராட்டையோடு ஒப்பிடின் இது மேலும் தெளிவாகும். காந்தியடிகளுக்குக் கைநூற்பு ஏழைகளின் பொருளாதாரமும் அரசியற் போராட்டமுமாகும். நூலின் தன்மை அங்கு இரண்டாம் இடமே பெறும். எதெலுக்கு நூலின் தன்மையே முதன்மை. ஆனால் ஏழைகளின் பொருளாதாரம் பற்றி அவரிடம் போதிய விடை இல்லை. அவருடைய எல்லையும் அதுவே.

6

1977இன் பின்னர் இலங்கையின் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டு, மலிவான வெளிநாட்டுத் துணிகள் வந்து குவிந்தபோது, நாடெங்கும் கைத்தறிகள் பல நின்றன. மருதமுனையிலும் காத்தான்குடியிலும் நெசவையே சீவியமாகக் கொண்ட குடும்பங்கள் அதன் தாக்கத்தை அனுபவித்தன. கைத்தறியைக் காக்க வேண்டும் என்ற குரல் அப்போது எழுந்தது; இன்றும் எழுகின்றது. ஆயின், காக்கப்பட வேண்டியது எது என்னும் வினா அக்குரலில் அரிதாகவே கேட்கின்றது. பழைய கோலங்களையா, சாதிவழித் தொழிலையா, மலிவான உழைப்பையா, சுற்றுலாப் பயணிகளுக்கான நினைவுப் பொருளையா? ஆலை நூலை வாங்கி, ஆலைத் துணியைப் போன்ற துணியைக் கையால் நெய்து, ஆலை விலைக்கு விற்க முயல்வது நெசவாளியின் உடலை வருத்துமேயன்றி அவனை வாழவைக்காது. கைத்தறியால் மட்டுமே ஆகக்கூடியது எது என்பதை நூலிலிருந்து தொடங்கி ஆராய்க என்பதே எதெலின் நாற்பதாண்டு உழைப்பு விட்டுச்சென்ற பாடம். அதனுடன், அவர் விடையளிக்காது விட்ட வினாவையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்: அவ்வாறு நெய்யப்படும் துணியின் பயன் நெய்பவருக்குச் சேருமா?

மார்கோ கோட்ஸ் எழுதிய எதெலின் வாழ்க்கை வரலாறு 1983இல் ஆங்கிலத்தில் வெளிவந்துவிட்டது. தமிழில் அவர் இன்னும் குமாரசுவாமியின் முதல் மனைவியாகவே குறிக்கப்படுகின்றார். 'மத்தியகாலச் சிங்களக் கலை'யை எடுத்துப் படிப்போர் அதன் வாசகங்களை மேற்கோள் காட்டுகின்றனர். அதன் படங்களை நோக்கிவிட்டுப் பக்கத்தைப் புரட்டுகின்றனர். அப்படங்கள் ஒவ்வொன்றிலும் மூவர் உளர். படத்துக்கு விளக்கம் எழுதியவரின் பெயரை உலகம் அறியும். படத்தை எடுத்தவரின் பெயரைச் சிலர் அறிவர். படத்திற் கருவியோடு அமர்ந்திருப்பவரின் பெயரை அறிந்தோர் அவருடைய ஊரிலேயே இருந்தனர். அவர்களிடம் அதனைக் கேட்டு எழுதியவர் எவருமிலர். கைவினையாளன் பெயரை நாடாதவன் என்னும் கோட்பாடு அவ்வாறு கேளாமைக்குத் தக்க சாட்டாக அமைந்தது. பெயரற்ற கைவினைஞனைப் புகழும் ஏடுகளின் நடுவே ஒருவர் தம் பெயரைத் துணியோடு சேர்த்து நிலைநாட்டிக்கொண்டார் என்பது எதெல் மெய்ரேயின் சாதனை. அவர் பட்டறையில் நூற்ற பெண்களின் பெயர்களும், தலகுனையில் நெய்தவர்களின் பெயர்களும் அவ்வாறு எழுதப்படும் நாளிலேயே கைவினை பற்றிய விமர்சனம் தன் கடமையை முழுமையாகச் செய்ததாகும்.